பதிவிறக்கம் முடிந்த பின்னும் காத்திருப்பு ஏன்?

காணொளி ஒன்றைப் பதிவிறக்கம் செய்கிறோம். திரையில் 100 சதவீதம் என்று காட்டுகிறது. ஆனால் கோப்பு திறக்கவில்லை. ‘செயலாக்கம் நடைபெறுகிறது’ என்ற அறிவிப்புடன் கணினி பத்து நிமிடமோ, அரை மணி நேரமோ முடங்கிக் கிடக்கிறது. கைப்பேசியாக இருந்தால் சூடேறி, மற்ற செயலிகளும் மந்தமாகின்றன. பாடக் காணொளியைச் சேமிக்கும் மாணவர் முதல், சங்கக் கூட்டத்தின் நேரலைப் பதிவை எடுத்து வைக்கும் செயலாளர் வரை பலரும் சந்திக்கும் நிலை இது.

இது தொழில்நுட்பச் சிக்கல்தானே, வங்கியின் இதழில் இதற்கு என்ன வேலை என்று வாசகர்கள் கருதலாம். காரணம் உண்டு. காணொளி இருக்கும் அதே கைப்பேசியில்தான் நமது வங்கிச் செயலியும், யு.பி.ஐ. கணக்கும், ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் குறுஞ்செய்திப் பெட்டியும் இருக்கின்றன. கோப்பு மெதுவாக நகர்கிறது என்ற பொறுமையின்மையில், முன்பின் அறியாத ‘வேகப்படுத்தும்’ செயலியை நிறுவுவதும், இணையத்தில் கிடைத்த தொலைபேசி எண்ணை அழைத்துச் சாதனத்தை அந்நியர் கையில் ஒப்படைப்பதும் பண இழப்பில் முடியக்கூடியவை. தாமதத்தின் காரணம் தெரிந்தவருக்கு அத்தகைய உதவி தேவைப்படாது. எனவே அக்காரணங்களை இங்கு ஒவ்வொன்றாக விளக்குகிறோம்.

துண்டு துண்டாக வரும் காணொளி

இணையத்தில் ஓடும் காணொளி ஒரே கோப்பாக நம்மிடம் வருவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். முறையும், 2012இல் பன்னாட்டுத் தரநிலையாக வெளியான டேஷ் முறையும் இன்று பெருவழக்கில் உள்ளன. இரண்டின் அடிப்படையும் ஒன்றே. முழுக் காணொளியும் சில விநாடிகள் மட்டும் ஓடக்கூடிய சிறு துண்டுகளாக வெட்டி வைக்கப்படுகிறது. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பதைக் கூறும் பட்டியல் ஒன்று தனியே இருக்கும். இணைய வேகம் குறைந்தால் அடுத்த துண்டைத் தரம் குறைந்த வடிவில் பெறலாம். வேகம் கூடினால் தரத்தை உயர்த்தலாம். பேருந்தில் செல்லும்போது படம் நிற்காமல், சற்று மங்கலாகவேனும் ஓடுவது இம்முறையால்தான்.

பல தளங்களில் படமும் ஒலியும் தனித்தனித் துண்டுகளாக வருகின்றன. ஒரு கணக்கைப் பார்ப்போம். 90 நிமிடம் ஓடும் காணொளி, விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் இருப்பதாகக் கொள்வோம். அதன் மொத்த அளவு ஏறத்தாழ 3.4 ஜிபி. ஒவ்வொரு துண்டும் 6 விநாடி என்றால், படத்திற்கு 900 துண்டுகள். ஒலி தனியே வந்தால் அதற்கும் 900. ஆக, 1,800 சிறு கோப்புகள் நமது சாதனத்தில் வந்து இறங்குகின்றன. 100 சதவீதம் என்று திரை காட்டுவது, இத்துண்டுகள் அனைத்தும் வந்துவிட்டன என்பதை மட்டுமே. அவை ஒரே காணொளியாக உருப்பெறும் வேலை அதன் பின்னரே தொடங்குகிறது.

நூறு சதவீதத்திற்குப் பின் நடப்பவை

இந்தக் கட்டத்தில் மூன்று வேலைகள் நடக்கலாம். அவை சேர்த்தல், மாற்றுதல், சோதித்தல்.

முதலாவது, சேர்த்தல். துண்டுகளை வரிசைப்படி படித்து, படத்தையும் ஒலியையும் இணைத்து, எம்பி4 போன்ற ஒரே கோப்பாக எழுதுவது. இதில் காணொளியின் உள்ளடக்கம் மாறுவதில்லை. உறை மட்டுமே மாறுகிறது. மேற்கண்ட 3.4 ஜிபி கோப்பை ஒருமுறை படித்து மீண்டும் எழுத வேண்டும். விநாடிக்கு 100 எம்பி வேகமுள்ள ஹார்டு டிஸ்க்கில் படிக்க 34 விநாடி, எழுத 34 விநாடி என ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் போதும் என்றே தோன்றும். நடைமுறையில் அவ்வாறு அமைவதில்லை. சுழலும் தட்டில் படிப்பதும் எழுதுவதும் ஒரே முனையமைப்பின் வேலை. 1,800 இடங்களிலிருந்து படித்து, இடையிடையே மற்றோர் இடத்தில் எழுத வேண்டியிருப்பதால், அது ஓயாமல் இங்கும் அங்கும் நகர்கிறது. ஒரு நிமிட வேலை பல நிமிடங்களாக நீள்வது இதனால்தான். சுழலும் பாகங்களே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் இத்தடை பெரும்பாலும் இல்லை.

எம்பி4 கோப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. எந்தக் காட்சி கோப்பின் எந்த இடத்தில் உள்ளது என்று கூறும் உள்ளடக்க அட்டவணை, பதிவு முடிந்த பின்னரே முழுமை பெறும் என்பதால், அது வழக்கமாகக் கோப்பின் இறுதியில் எழுதப்படுகிறது. அதை முன்பக்கத்திற்குக் கொண்டுவர விரும்பும் மென்பொருள், கோப்பு முழுவதையும் இன்னொரு முறை எழுத வேண்டியிருக்கும். இறுதிக் கட்டத்தில் வேலை நின்றுவிட்டதைப் போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அட்டவணை எழுதப்படும் முன் நிறுத்திவிட்டால், 3.4 ஜிபி கோப்பு இருந்தும் அது திறக்காமல் போகக்கூடும்.

இரண்டாவது, மாற்றுதல். காணொளியின் ஒவ்வொரு படத்தையும் பிரித்தெடுத்து, வேறொரு முறையில் மீண்டும் சுருக்கி எழுதுவது. விநாடிக்கு 25 படங்கள் எனில், 90 நிமிடக் காணொளியில் 1,35,000 படங்கள் உள்ளன. கணினி விநாடிக்கு 50 படங்களை முடித்தாலும் 45 நிமிடங்கள் ஆகும். பழைய கணினி விநாடிக்குப் பத்துப் படங்களையே முடிக்குமானால் மூன்றே முக்கால் மணி நேரம். எச்.264 என்ற முறை 2003இலும், எச்.இ.வி.சி. 2013இலும், ஏவி1 2018இலும் வெளிவந்தவை. புதிய முறைகளில் கோப்பின் அளவு குறைகிறது. ஆனால் சுருக்குவதற்கான கணக்கீடு கூடுகிறது.

மூன்றாவது, சோதித்தல். புதிய கோப்பு வந்தவுடன் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அதனைப் பரிசோதிக்கிறது. 1,800 துண்டுகளையும் தனித்தனியே பார்த்து, இறுதியில் முழுக் கோப்பையும் பார்க்கலாம். அதே நேரத்தில் தேடல் அட்டவணையில் சேர்ப்பதும், சிறு முன்படங்களை உருவாக்குவதும் நடக்கலாம். மேகச் சேமிப்புக்கு உரிய கோப்புறையாக இருந்தால், இறங்கிய காணொளி அப்போதே மேலேறவும் தொடங்கிவிடும்.

காரணத்தை அறியும் வழி

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற பத்திகள் இருக்கும். ஆப்பிள் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டர் இதே விவரங்களைத் தரும். ஒரு நிமிடம் இவற்றைக் கவனித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

டிஸ்க் பத்தி 100 சதவீதத்தை ஒட்டியும் சி.பி.யு. குறைவாகவும் இருந்தால், நடப்பது சேர்த்தல். சேமிப்பகத்தின் வேகமே தடை.

சி.பி.யு. 100 சதவீதத்தை ஒட்டியும் டிஸ்க் குறைவாகவும் இருந்தால், நடப்பது மாற்றுதல். கணக்கீடே தடை.

பட்டியலின் மேல்வரிசையில் காணொளி மென்பொருளுக்குப் பதிலாக நச்சுநிரல் தடுப்பு மென்பொருளின் பெயர் இருந்தால், நடப்பது சோதித்தல்.

மெமரி பத்தி நிரம்பியிருந்தால், கணினி தன் தற்காலிக நினைவகம் போதாமல் சேமிப்பகத்தையே நினைவகமாகப் பயன்படுத்துகிறது. தேவையற்ற உலாவிப் பக்கங்களை மூடினாலே வேகம் கூடும்.

இவை எதுவும் இல்லாமல் எல்லாப் பத்திகளும் அமைதியாக இருந்து, கோப்பின் அளவும் பல நிமிடங்களாகக் கூடாமல் இருந்தால் மட்டுமே வேலை நின்றுவிட்டது என்று கருத இடமுண்டு.

காரணத்திற்கு ஏற்ற தீர்வு

சேர்த்தலே தடை எனில், முதலில் காலியிடத்தைப் பார்க்க வேண்டும். துண்டுகளும் முழுக் கோப்பும் சிறிது நேரம் ஒருசேர இருக்க வேண்டியிருப்பதால், 3.4 ஜிபி காணொளிக்கு ஏறத்தாழ 7 ஜிபி காலியிடம் தேவைப்படும். 5 ஜிபி மட்டும் இருக்கும் சாதனத்தில் பதிவிறக்கம் தடையின்றி முடிந்து, சேர்க்கும் கட்டத்தில் தோல்வியடைவது இதனாலேயே. கணினியில் இரண்டு சேமிப்பகங்கள் இருந்தால், தற்காலிகத் துண்டுகளுக்கு ஒன்றையும் முடிந்த கோப்புக்கு மற்றொன்றையும் ஒதுக்குவது நல்லது. ஒன்றில் படித்து மற்றொன்றில் எழுதுவதால் முன்னர் கூறிய அலைச்சல் குறையும்.

பென்டிரைவில் நேரடியாகப் பதிவிறக்கம் செய்வதைத் தவிர்க்க வேண்டும். விநாடிக்கு 10 எம்பி மட்டும் எழுதும் பென்டிரைவில் மேற்கண்ட கோப்பை ஒருமுறை எழுதவே ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் ஆகும். மேலும், ஃபேட்32 என்ற அமைப்பிலுள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 32 ஜிபி பென்டிரைவில் இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்ற வகையில் பிழை காட்டுவதன் காரணம் இதுவே. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றினால் இத்தடை நீங்கும். மாற்றும்போது அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முதலில் நகல் எடுத்து வைக்க வேண்டும்.

மாற்றுதலே தடை எனில், அது உண்மையில் தேவைதானா என்று பார்க்க வேண்டும். பல மென்பொருள்களில் ‘மூல வடிவம்’ என்றோ ‘மாற்றமின்றிச் சேமி’ என்றோ ஒரு தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் 45 நிமிட வேலை சில நிமிடங்களில் முடியும். தரமும் குறையாது. வகுப்பறை விரிவுரை போன்றவற்றுக்கு மிக உயர்ந்த தெளிவும் தேவையில்லை. 720 அல்லது 480 வரித் தெளிவில் பெற்றாலே எழுத்துகள் பெரும்பாலும் படிக்கும்படி இருக்கும். கட்டாயம் மாற்ற வேண்டிய கோப்புகளை, கணினிக்கு வேறு வேலையில்லாத நேரத்தில் மின்னிணைப்புடன் ஓடவிடலாம்.

சோதித்தலே தடை எனில், காத்திருப்பதே முறை. வேகத்திற்காக நச்சுநிரல் தடுப்பை நிறுத்திவைப்பது, வீட்டுக்குள் காற்று வரவில்லை என்று தெருக்கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும். மேகச் சேமிப்பின் ஒத்திசைவை மட்டும் சிறிது நேரம் நிறுத்திவைக்கலாம்.

கைப்பேசியில் கவனிக்க வேண்டியவை

கைப்பேசியில் மின்விசிறி இல்லை. நெடுநேரம் கணக்கிட்டால் சூடேறும். சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னேற்றம் செய்துகொண்டே, தடித்த உறையுடன், மெத்தையின்மீது வைத்துப் பதிவிறக்கம் செய்தால் தாமதம் கூடுவது இயல்பே. உறையை நீக்கி, காற்றோட்டமான மேசையில் வைத்தால் போதும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது கூடாது. உள்ளே ஈரம் படியும்.

சேமிப்பகம் விளிம்புவரை நிரம்பிய கைப்பேசியும் மந்தமாகும். புதிதாக எழுதும் முன் பழைய பகுதிகளை அழித்து ஒழுங்குபடுத்த அதற்கு இடம் வேண்டும். மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கேனும் காலியாக வைத்திருப்பது நல்ல வழக்கம். இதற்குத் தனிச் செயலி வேண்டியதில்லை. கைப்பேசியின் அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதியிலேயே பெரிய கோப்புகளைப் பார்த்து நீக்கலாம்.

ஓடிடி செயலிகளில் ‘பதிவிறக்கு’ என்ற பொத்தானை அழுத்திச் சேமிப்பவை மறையாக்கம் செய்யப்பட்டு அச்செயலிக்குள்ளேயே இருக்கும். வேறிடத்திற்கு மாற்றித் திறக்க இயலாது. இது பழுதன்று. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் அப்பாதுகாப்பை உடைப்பது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்கீழ் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு உரியது. நாம் இங்குப் பேசுவது, உரிமையாளரே பதிவிறக்க அனுமதித்த காணொளிகளையும் நமது சொந்தப் பதிவுகளையும் பற்றி மட்டுமே.

பணத்திற்கு ஆபத்து எங்கே தொடங்குகிறது

மேற்கண்ட தீர்வுகளில் எதற்கும் அந்நியர் உதவியோ புதிய செயலியோ தேவைப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். தாமதத்தைக் காரணம் காட்டி அவை நம்மைத் தேடி வரும்போதுதான் விழிப்பு வேண்டும்.

‘உங்கள் கணினி மந்தமாக உள்ளது, இங்கே அழுத்தவும்’ என்று இணையப் பக்கத்தில் தோன்றும் எச்சரிக்கை விளம்பரமே. நமது சாதனத்தின் உள்நிலையை ஓர் இணையப் பக்கம் அவ்வாறு அறிந்து கூற இயலாது. இலவசமாகக் கோப்பை மாற்றித் தரும் தளங்களும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. அவற்றில் சில, கேட்ட கோப்புடன் தீங்கு நிரலையும் சேர்த்துத் தருகின்றன என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.

செயலிக் கடைக்கு வெளியே, இணைப்பாகவோ வாட்ஸ்அப் செய்தியிலோ வரும் ஏ.பி.கே. கோப்பை நிறுவக் கூடாது. காணொளியைச் சேர்க்கும் செயலிக்குச் சேமிப்பக அனுமதி தேவைப்படலாம். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி எதற்கு? திரையைப் படித்து நமக்காக இயக்கும் ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி எதற்கு? முதல் அனுமதி ஒருமுறைக் கடவுச்சொல்லையும், இரண்டாவது வங்கிச் செயலியையே பிறர் கைக்குக் கொண்டு சேர்க்க வல்லது. கேட்பதன் தேவை விளங்காவிடில் மறுத்துவிடுவதே முறை.

தொலைவிலிருந்து கணினியையும் கைப்பேசியையும் இயக்கும் செயலிகளைக் கொண்டு யு.பி.ஐ. வழியே பணம் பறிக்கப்படுவது குறித்து, ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. பழுது நீக்குவதாகக் கூறி, ‘திரையில் தெரியும் எண்ணைச் சொல்லுங்கள்’ என்று எவரேனும் கேட்டால், அது வீட்டுச் சாவியைக் கேட்பதே ஆகும். சாதனத்தை நேரில் பழுதுபார்க்கக் கொடுப்பதாயினும், முதலில் வங்கிச் செயலியிலிருந்து வெளியேறி, சிம் அட்டையை எடுத்துக்கொண்டு கொடுப்பது பாதுகாப்பானது.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால்

ஐயம் எழுந்தவுடன் சாதனத்தின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் செய்ய வேண்டும். அடுத்து, தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவிச் செல்லும் முன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு, தொடக்க நேரத்தில்தான் மிகுதி. கடவுச்சொற்களைப் பாதிப்படைந்த சாதனத்தில் அல்லாமல் வேறொரு சாதனத்திலிருந்தே மாற்ற வேண்டும். சாதனத்தைத் தூய்மை செய்ய, மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசக் கருவிகளை வழங்குகிறது.

விரைந்து தெரிவிப்பதற்குப் பணமதிப்பும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் எனில் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. ஆனால் கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பின் நிகழ்வது வங்கியைச் சாரும். இதன் பின்னர் வந்த மாற்றங்கள் ஏதேனும் உளவா என்பதைக் கிளையில் கேட்டறியலாம். வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதும் நட்டமே.

அடுத்த முறை 100 சதவீதத்திற்குப் பின் திரை அசையாமல் நின்றால், முதலில் டிஸ்க், சி.பி.யு. ஆகிய இரு பத்திகளையும் பாருங்கள். பிறகு காலியிடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும். அதன் பின்னும் விளங்கவில்லை எனில், சாதனத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு ஒரு தேநீர் அருந்தி வாருங்கள். காணொளி சற்றுத் தாமதமாகக் கிடைப்பதில் இழப்பு ஏதும் இல்லை.